செட்டிநாட்டு வீட்டுக் கொல்லையில் ஒரு கோழிக்கூடு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வெளியூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, பூர்வீக வீட்டில் தங்கள் பங்குக்கு வந்த பகுதியைச் சரிசெய்து குடிவந்திருந்தார்கள். அந்தச் சீரமைப்பு வேலையைச் செய்தவன் என்ற முறையில் அந்த வீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். வளவு என்று சொல்லும் உள்முற்றப் பகுதி, இரண்டாம் கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படி, அதையும் தாண்டினால் கிணற்றோடு சேர்ந்த பெரிய கொல்லை. கொல்லையின் மேற்கு ஓரத்தில் ஒரு புங்கமரம் நிற்கிறது.

குடிவந்த கையோடு, வீட்டுக்காரரின் மனைவியான ஆச்சி நாட்டுக்கோழி வளர்க்க ஆசைப்பட்டார். சிறுவயதில் அவர் வீட்டில் கோழி இருந்தது. பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் வாங்கினார்கள், எல்லாமே சிறுவிடை என்ற நாட்டு இனம். கூட்டை நகரத்தில் உள்ள ஒரு தயாரிப்பாளரிடம் படம் காட்டிச் செய்து வாங்கினார்கள். குளிர்நாட்டுத் தோட்டங்களில் இருக்கும் மரக்குடில் மாதிரி அது. வெள்ளை வர்ணம், செங்குத்தான கூரை, கூரைமேல் கறுப்புத் தார் ஷீட், முன்பக்கம் கண்ணாடி போட்ட சின்ன ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே பூந்தொட்டி வைக்க ஒரு பலகை. அழகாகத்தான் இருந்தது, பார்வையைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது.

மார்கழியில் வந்த அந்தக் கூட்டால் மாசி வரை தொல்லை இல்லை. பங்குனியில் ஆரம்பித்தது.

முதல் கூட்டில் கண்டவை

ஆச்சி என்னைக் கூப்பிட்டபோது சித்திரை வெயில். ஒரு பெட்டை இறந்திருந்தது. மற்றவை பகலிலேயே இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு நின்றன. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இளைப்பதும் இறக்கையை விரிப்பதும் கொண்டையிலும் தாடியிலும் காற்றுப் படவைப்பதும்தான் அது சூட்டைக் குறைத்துக்கொள்ளும் வழி. காற்று வராத இடத்தில் இந்த மூன்றாலும் பெரிய பலன் இல்லை. அந்தக் கூட்டுக்கு இருந்த ஒரே திறப்பு முன் ஜன்னல். அதிலும் கண்ணாடி.

பொழுது சாய்ந்ததும் கூட்டை மூடச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கண் எரிந்தது. எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றது. நின்றுகொண்டு முகர்ந்தால் இது பிடிபடாது. குனிந்து, கோழியின் தலை மட்டத்துக்கு மூக்கைக் கொண்டுபோனால்தான் தெரியும். கூடு வைத்திருக்கும் யாருக்கும் இந்தச் சோதனையை முதலில் சொல்வேன்.

அடுத்தது முட்டை. ஆச்சியின் புகார், முட்டையெல்லாம் எச்சத்தோடு வருகிறது என்பது. காரணம் கூட்டின் அமைப்பிலேயே இருந்தது. முட்டைப் பெட்டிகளைக் கூரைக்கு அடியில் மூன்றடி உயரத்தில் வைத்திருந்தார்கள். உட்காரும் கட்டை தரையிலிருந்து ஓரடிதான். கோழி ராத்திரி தங்க எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தைத்தான் தேடும். அதனால் எல்லாம் முட்டைப் பெட்டியில் ஏறித் தூங்கின, அங்கேயே எச்சமிட்டன, காலையில் அதன் மேலேயே முட்டை இட்டன.

மூன்றாவது விஷயம் பக்கத்து வீட்டு அப்பத்தா சொல்லித்தான் தெரிந்தது. கோழிகளின் கொண்டை வெளிறிப்போயிருந்ததை நாங்கள் வெயிலின் கணக்கில் எழுதியிருந்தோம். அவர் ஒரு பெட்டையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, இது வெயிலில்ல, செள்ளு. ராத்திரி விளக்கைப் பிடிச்சிக்கிட்டு கட்டைக்கு அடியில பாரு" என்றார். அன்று ராத்திரி ஒரு வெள்ளைத் துணியைக் கட்டையின் அடிப்பக்கம் இழுத்துத் துடைத்தோம். துணியில் சிவப்புக் கோடுகள். இந்தச் செள்ளு கோழியின் உடம்பில் குடியிருப்பதில்லை. பகலெல்லாம் மரப் பிளவிலும் பலகை இணைப்பிலும் பதுங்கியிருக்கும், இருட்டியதும் வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாகிவிடும். கோழியே இல்லாத வெற்றுக் கூட்டிலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். முழுக்க மரத்தால், நூறு இணைப்புகளோடு செய்த கூடு அதற்கு வசதியாகப் போயிற்று.

கால்நடை மருந்தக மருத்துவர் வந்து பார்த்துப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். கோழிகளுக்கு மருந்து போட்டாலும் கூட்டை மாற்றாமல் இது தீராது என்பது அவர் கருத்து. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் கேட்டார், போட்டிருந்தார்கள்.

குடும்பம் கேட்டது

ஆச்சிக்குப் புதுக் கூடு வீட்டைப் போலவே இருக்க வேண்டும். பின்வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவர் கேட்டவை இவை: ஓட்டுக் கூரை, முன்னால் இரண்டு தூண், தரைக்கு வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆத்தங்குடிக் கல், வளவு ஜன்னலில் இருப்பது மாதிரி வர்ணக் கண்ணாடி, பொருளறையில் சும்மா கிடக்கும் பழைய செதுக்குக் கதவுப் பலகை. அவருடைய மாமியார் காலத்துக் கதவின் ஒரு துண்டு அது. அதைக் கூட்டின் கதவாக வைக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அவர் கணவரின் நிபந்தனை இரண்டே: அடுப்படிக்கு நாற்றம் வரக்கூடாது, செலவு கைக்குள் இருக்க வேண்டும்.

இந்த ஆசைகளை அலங்காரப் பைத்தியம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தினமும் கண்ணில் படும் இடம் பிடித்த மாதிரி இருந்தால்தான் ஆள் தினமும் அங்கே போவார். தினமும் போகிற கூட்டில்தான் நோய் சீக்கிரம் கண்ணில் படும். எத்தனையோ வீடுகளில் கோழிக்கூடு மறைவில், குப்பைக்குப் பக்கத்தில் கிடந்து, வாரக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காமல் போவதைக் கண்டிருக்கிறேன். அதனால் ஆச்சி கேட்ட ஒவ்வொன்றையும் அவர் முன்னாலேயே காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வியைப் போட்டோம்: இது கோழியின் காலிலோ உடம்பிலோ படுமா, இல்லை நம் கண்ணில் மட்டும் படுமா? கண்ணில் மட்டும் படுவதில் அவர் விருப்பமே முடிவு. கோழியைத் தொடுவது எதுவும் வழவழப்பாகவோ செதுக்கலோடோ பிளவோடோ இருக்கக்கூடாது. கழுவ முடியாததாகவும் இருக்கக்கூடாது. ஆச்சி இதை ஒத்துக்கொண்டார். கதவுப் பலகை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இழுபறி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இடம். இந்தப் பக்கம் கோடையில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும், மழைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து. கூட்டையும் அடுப்படியையும் இணைக்கும் கோடு இந்த இரண்டு திசையிலும் படாத இடமாகக் கொல்லையின் வடமேற்கு மூலையைத் தேர்ந்தெடுத்தோம். புங்கமரத்து நிழல் மதியத்துக்கு மேல் அங்கே விழும். திண்ணையிலிருந்தும் தெரியும். கூட்டின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்தோம். அப்படி வைத்தால் குட்டைச் சுவர்கள்தான் காலை வெயிலையும் மாலை வெயிலையும் வாங்கும், நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்துக் காற்றுக்குத் திறந்திருக்கலாம்.

அளவு. எட்டடி நீளம், ஐந்தடி அகலம். பகலெல்லாம் கொல்லையில் மேய்ந்து ராத்திரி மட்டும் அடையும் நாட்டுக்கோழிக்குத் தலைக்கு இரண்டு, இரண்டரைச் சதுர அடி போதும். ஆச்சி எண்ணிக்கையைக் கூட்டாமல் இருக்கமாட்டார் என்று தெரிந்ததால் கொஞ்சம் தாராளமாக விட்டோம்.

தரை. ஆத்தங்குடிக் கல்லை உள்ளே போடுவதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் வர்ணக் கலவையை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். கண்ணாடியில் படுவதால்தான் முகம் அவ்வளவு மினுக்கம். அந்த மினுக்கத்தில் கோழிக்கால் வழுக்கும், குஞ்சுகளுக்கு இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்துபோகும். தவிர, சிமெண்டுக் கல் ஈரத்தை உறிஞ்சும், எச்சத்தின் கறை ஊறிவிட்டால் தேய்த்தாலும் போகாது. உள்ளே சொரசொரப்பான சிமெண்டுத் தளம் போட்டு, தெற்குப் பக்கம் தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்தோம். அதன்மேல் நாலு அங்குலத்துக்கு உமி. கல்லை வெளியே பேஸ்மட்டத்தின் முகப்பில் ஒரு பட்டையாகவும் படியிலும் பதித்தோம். தரையில் போட்டிருந்தால் உமிக்கு அடியில் மறைந்துபோயிருக்கும், இப்போது நன்றாகத் தெரிகிறது.

சுவர். இரண்டடி உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேல் வடக்கும் தெற்கும் முழுக்கக் கம்பிவலை. மேற்குச் சுவர் மட்டும் கூரை வரை அடைப்பு. வலை விஷயத்தில் ஆச்சியின் கணவர் விலை குறைவான அறுகோணக் கோழிவலை போதாதா என்று கேட்டார். அந்த வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், மரநாயை வெளியே நிறுத்தாது. இழுத்தால் பிரிந்துவிடும், அதன் கண் வழியாகப் பாம்பும் எலியும் வரும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் போட்டோம். மொத்தச் செலவில் அதற்குத்தான் பெரிய பங்கு. அதில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

உட்பூச்சு வெறும் சுண்ணாம்பு. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டு வளவின் பழைய சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்திருக்கிறது, செட்டிநாட்டுப் பூச்சின் பளபளப்புக்கு அதுவும் ஒரு காரணம். ஆச்சிக்கு அதையே கூட்டுக்கும் செய்து பார்க்க ஆசை. அந்த வழவழப்பு கூட்டுக்குத் தேவையில்லை. அடிக்கடி மேலே மேலே அடிக்கக்கூடிய நீர்த்த சுண்ணாம்புதான் தேவை. அது பிளவுகளை அடைக்கும், செள்ளுக்கு ஒளிய இடம் குறையும். மாசத்துக்கு ஒருமுறை அடிக்கச் சொன்னவரும் அப்பத்தாதான்.

கூரை. இடிந்துபோன மாட்டுக்கொட்டகையின் மங்களூர் ஓடுகள் கொல்லையிலேயே அடுக்கிக் கிடந்தன. தைலமரக் கைமரம், ரீப்பர் அடித்து அவற்றையே வேய்ந்தோம். முகட்டில் ஓடு சேரும் இடத்தை அடைக்காமல் ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, அதற்கு மேல் சின்னதாக இன்னொரு ஓட்டுக் கூரையை உயர்த்தி வைத்தோம். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாக வெளியேறும், கீழே வலை வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். பார்வைக்கும் அந்த இரட்டை அடுக்குதான் கூட்டுக்கு வீட்டின் சாயலைக் கொடுத்தது. ஓட்டுக் கூரையில் பலரும் விட்டுவிடும் ஓர் இடம் உண்டு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே அலை அலையாக வரும் சந்து. பாம்பும் எலியும் அந்தச் சந்து வழியாகத்தான் இறங்கும். ஓட்டுக்கு அடியில் கைமரத்தோடு சேர்த்து முழுப் பரப்புக்கும் மெஷ் கட்டி, ஓரங்களைச் சுவருக்குள் பதித்துப் பூசச் சொன்னேன். கொத்தனார் முதலில் இது வெட்டி வேலை என்றார். பழைய ஓடுகளை எடுக்கும்போது உள்ளே கிடந்த சாரைப்பாம்புச் சட்டையைப் பார்த்த பிறகு அவரே கவனமாக ஓரம் பூசினார்.

தூண். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒன்றில் குட்டையான இரண்டு கடைசல் தூண்கள் கிடைத்தன. முன் தாழ்வாரத்தில், கோழி அடையும் பகுதிக்கு வெளியே நிறுத்தினோம். பாரத்தைத் தாங்குவது பின்னால் உள்ள செங்கல் தூண்தான், மரத்தூண் முகத்துக்கு மட்டும்.

வர்ணக் கண்ணாடி. காற்று வரும் இடத்தில் கண்ணாடி வேண்டாம் என்பது பழைய கூட்டில் பட்ட பாடம். கூரைக்குக் கீழே கிழக்கே வரும் முக்கோணச் சுவரில், கோழிக்கு எட்டாத உயரத்தில், நீலமும் பச்சையும் சிவப்புமாக மூன்று சில்லுகளைப் பதித்தோம். காலை வெயில் அது வழியாக உள்ளே விழும்.

கதவுப் பலகை. இதில்தான் பேச்சு நீண்டது. ஆசாரியோடு உட்கார்ந்து அந்தப் பலகையை ஆச்சிக்குக் காட்டினேன். தாமரை இதழும் கொடியுமாக ஆழமான செதுக்கல், நடுவில் நெடுகப் பிளவு. ஆசாரி ஒரு ஈர்க்குச்சியை அந்த இதழ்களுக்கு இடையே விட்டு எடுத்துக் காட்டினார், அரை விரல் ஆழம் போனது. "ஆச்சி, இதைக் கோழிகிட்ட வச்சீங்கன்னா செள்ளுக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரிதான்" என்றார். வெள்ளைத் துணியில் கண்ட சிவப்பு ஆச்சிக்கு நினைவிருந்தது. கடைசியில் கூட்டை ஒட்டித் தீவனமும் மண்வெட்டியும் வைக்க ஒரு சின்ன அறை கட்டி, நடுவில் முழுச் செங்கல் சுவர் எழுப்பி, அந்த அறைக்குக் கதவாக அதை மாட்டினோம். அதுவும் திண்ணையைப் பார்த்தபடிதான் இருக்கிறது. கோழி போகும் கதவு இரும்புச் சட்டமும் மெஷும், தாழ்ப்பாளோடு நாதாங்கியும்.

உட்காரும் கட்டை. பட்டை உரித்த தைலமரக் கொம்புகள் இரண்டு, இரண்டு அங்குல விட்டம், ஐந்தடி நீளம். மூங்கில் வேண்டாம் என்றோம், உள்ளே பொந்து இருக்கிறது. ஒரு கோழிக்கு 8 அங்குல இடம் என்று வைத்தால் பத்துப் பதினொரு கோழிக்கு ஏழடி சொச்சம் போதும், பத்தடி இருக்கிறது. இரண்டையும் ஒரே உயரத்தில், இரண்டடியில் வைத்தோம். ஒன்று மேலே இருந்தால் தினமும் அதற்காகச் சண்டை. கொம்புகளை ஆணி அடிக்காமல் சுவரில் பதித்த இரும்புக் கிண்ணத்தில் உட்காரவைத்தோம். தூக்கி எடுத்து வெயிலில் போட்டுக் கொதிநீர் ஊற்றலாம்.

முட்டைப் பெட்டி. ஓரடி நீளம், அகலம், உயரத்தில் மூன்று. கட்டையைவிடத் தாழ்வாக, இருட்டு மூலையில், வெளியிலிருந்தே மூடியைத் திறந்து முட்டை எடுக்கும்படி.

பின் நடந்தது

பழைய மரக்கூட்டைக் கொல்லைக்கு வெளியே கொண்டுபோய் எரித்தார்கள். கோழிகளுக்கு மருத்துவர் சொன்ன சிகிச்சை முடிந்த பிறகுதான் புதுக் கூட்டில் விட்டோம்.

முதல் சில நாட்கள் அவை உள்ளே போகவே மறுத்தன. பொழுது சாய்ந்தால் புங்கமரத்தில் ஏறின. அப்புறம் ஒருநாள் இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டு, தீவனம் தண்ணீரோடு சில நாள் அடைத்தே வைத்தார்கள். அதற்குப் பிறகு தானாகவே அடைந்தன.

முட்டை சுத்தமாக வர ஆரம்பித்தது. கொண்டையில் நிறம் திரும்பியது. மூன்று பெட்டியில் எல்லாப் பெட்டைகளுக்கும் மேற்கோரத்துப் பெட்டி ஒன்றுதான் வேண்டும், வரிசையில் நின்றுகூட அதிலேயே இடுகின்றன. கோழி வளர்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அடுத்த சித்திரையில் கோழிகள் மதியத்தில் கூட்டின் தாழ்வாரத்துக்கே நிழலுக்கு வந்தன. ஒன்றும் சாகவில்லை. ராத்திரி துணிச் சோதனையை ஆச்சி தானாகவே மாதம் ஒருமுறை செய்கிறார்.

சிக்கல் வந்தது ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்கிலிருந்து சாய்வாக அடித்த மழைச்சாரல் வடக்கு வலை வழியாக உள்ளே வந்து உமியை நனைத்தது. ஈர உமியில் இரண்டு குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் கண்டது, ஒன்று பிழைக்கவில்லை. உடனே நனைந்த உமியை அள்ளி வெளியேற்றி, காய்ந்ததைப் பரப்பினார்கள். வடக்குப் பக்கம் சுருட்டி இறக்கும் தார்ப்பாயைக் கட்டினோம். மழை நின்றதும் சுருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய அமோனியாப் பிரச்சினை திரும்பிவிடும். பச்சைத் தார்ப்பாய் ஓட்டுக்கும் தூணுக்கும் பொருந்தவில்லை என்பதில் ஆச்சிக்கு இன்றும் வருத்தம்.

அடுப்படிக்கு நாற்றம் வரவில்லை. ஆச்சியின் கணவர் இப்போது காலைக் காபியைத் தீவன அறையின் படியில் உட்கார்ந்துதான் குடிக்கிறார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

வடக்குப் பக்க ஓட்டுக் கூரையை ஒன்றரை அடி மட்டுமே சுவருக்கு வெளியே நீட்டியிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை அடிக்கும் ஊர்களில் அந்தப் பக்கம் குறைந்தது இரண்டரை அடியாவது நீட்ட வேண்டும். அப்போது தார்ப்பாய்க்கு வேலை இருக்காது, தோற்றமும் கெடாது.

ஆள் போகும் கதவு நாலடி உயரம், குனிந்துதான் நுழைய வேண்டும். உமியை வாரி வெளியேற்றும் நாளில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அறுபதைக் கடந்தவர்கள் பராமரிக்கும் கூட்டில் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம் வேண்டும், கூரையை இன்னும் உயர்த்தினால் காற்றுக்கும் நல்லது.

பேஸ்மட்ட முகப்பில் கதவுக்குப் பக்கத்து ஆத்தங்குடிக் கல் ஒன்று மண்வெட்டி பட்டு மூலை உடைந்திருக்கிறது. உமி அள்ளும் பக்கம் கல்லுக்குப் பதில் வெறும் பூச்சு விடலாம்.

முட்டைப் பெட்டி மூன்றுக்கு இரண்டு போதும். அந்த இடத்தில் அடை வைக்கத் தனித் தடுப்பு வைத்திருக்கலாம். இப்போது அடைக்கோழியைத் தீவன அறையில் பஞ்சாரத்துக்குள் வைக்கிறார்கள், குஞ்சு பொறித்த பிறகு மற்ற கோழிகள் கொத்தாமல் பிரித்து வைக்கவும் இடம் போதவில்லை. கிழக்குப் பக்கம் மூன்றடி நீட்டித் தாய்க்கோழிக்கும் குஞ்சுகளுக்கும் ஒரு தனி அறை கட்டலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்குக் கிழக்குச் சுவரின் வர்ணக் கண்ணாடியைப் பெயர்த்துப் புதுச் சுவருக்கு மாற்ற வேண்டும். மாட்டுக்கொட்டகை ஓட்டில் மிச்சம் இருப்பது அந்த அளவுக்கு வருமா என்று ஆசாரி எண்ணிக்கொண்டிருக்கிறார்.